ஆறுமணிக்குருவி ஏன் வீட்டுக்குள் வந்து விழுகிறது?

ஐப்பசி பிறந்து மழை இறங்கும் வாரங்களில் தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து இந்தப் படம் வந்துவிடும். மொட்டைமாடியிலோ, பள்ளிக்கூட வராந்தாவிலோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்திலோ ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். முதுகு பச்சை, இறக்கையில் பளபளக்கும் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. வால் இருக்கவேண்டிய இடத்தில் வால் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கிட்டப் போனாலும் பறக்காது. படத்துக்குக் கீழே "அபூர்வ வெளிநாட்டுப் பறவை" என்று எழுதியிருக்கும். கிளிக்குஞ்சு என்பார் ஒருவர், மீன்கொத்தி என்பார் இன்னொருவர்.

அது ஆறுமணிக்குருவி. வெளிநாட்டுப் பறவையும் இல்லை, அபூர்வமும் இல்லை. வருடாவருடம் நம் ஊருக்கு வந்து ஆறேழு மாதம் தங்கிவிட்டுப் போகிற பறவைதான். பக்கத்திலேயே இருந்தும் நமக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அது ஏன் தெரியாமல் இருக்கிறது, எப்போது தெரிகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள்ளேயே அதன் வாழ்க்கை முழுவதும் அடங்கிவிடுகிறது.

முதலில், இது எந்தப் பறவை?

அறிவியல் பெயர் பிட்டா பிராக்கியூரா. பிராக்கியூரா என்றால் கிரேக்கத்தில் குட்டைவால். உடல் நீளம் 15 முதல் 19 செ.மீ., எடை 47 முதல் 66 கிராம். மைனாவில் பாதி எடை என்று வைத்துக்கொள்ளலாம். கால்கள் நீளமாக, உறுதியாக இருக்கும். தரையில் வாழும் பறவைக்கு அது வேண்டும். ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

குழப்பம் தீர மூன்று குறிப்புகள்:

1. மீன்கொத்திக்கு அலகு உடலுக்குப் பொருந்தாத அளவு நீளம். கால் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஆறுமணிக்குருவியில் இது தலைகீழ்: அலகு தடித்துக் குட்டையாக இருக்கும், கால்தான் நீளம்.
2. கிளிக்கு அலகு வளைந்திருக்கும். இதற்கு வளைவே கிடையாது.
3. வால் குட்டையாக இருப்பதால் பலர் குஞ்சு என்று நினைத்துவிடுகிறார்கள். வளர்ந்த பறவைக்கே வால் அவ்வளவுதான்.

பிட்டா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடை பக்கத்து வீட்டில் இருக்கிறது. தெலுங்கில் பிட்ட என்றால் சின்னப் பறவை. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி இங்கிருந்து லண்டனுக்கு அனுப்பிய பறவைத் தகவல்களில் இதுவும் ஒன்று. 1713-இல் ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரேயின் பறவை நூலோடு சேர்த்து வெளியான பட்டியலில் ஜேம்ஸ் பெட்டிவர் இதைப் 'பொன்னுங்கி பிட்டா' என்று குறித்திருக்கிறார். சென்னப்பட்டினத்துத் தெலுங்குக்காரர் யாரோ சொன்ன பெயரை அப்படியே காதில் வாங்கி எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். 1766-இல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் இதற்கு முறையான அறிவியல் பெயர் கொடுத்தபோது காக்கை இனத்தில் சேர்த்து 'கார்வஸ் பிராக்கியூரஸ்', அதாவது குட்டைவால் காக்கை என்று பெயர் வைத்தார்! அரை நூற்றாண்டு கழித்து, 1816-இல், வியெய்யோ என்ற பிரெஞ்சுப் பறவையியலாளர்தான் பிட்டா என்பதைத் தனிப் பேரினமாக்கினார், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்க்கும் தனித் தொகுதி ஆக்கினார். இன்று ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நாற்பதுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இந்தத் தெலுங்குச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிகின்றன.

இந்தியிலும் மராத்தியிலும் நவரங், அதாவது ஒன்பது நிறம். மலையாளத்தில் காவி. சிங்களத்தில் அவிச்சியா, அங்கே இதன் குரலுக்கு ஒரு கதையும் உண்டு. தன் ஆடையை மயில் திருடிக்கொண்டு போய்விட்டது என்று இது புலம்புகிறதாம். தமிழில் பொன்னுத்தொட்டான் என்றும் தோட்டக்கள்ளன் என்றும் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பரவலாக நின்ற பெயர் ஆறுமணிக்குருவி. ஒன்பது நிறம் உள்ள பறவைக்கு, ஒரு நிறத்தைக்கூடச் சொல்லாத பெயர். அந்தப் பெயரை வைத்தவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம்.

இவ்வளவு நிறம், ஆனால் கண்ணில் படாது

இந்தப் பறவையை அதன் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது புரியும். மூங்கில் புதரோ முள்மரக் கூட்டமோ, அடியில் சருகு தடிமனாகக் கிடக்கிறது. அதற்குள் சின்னச் சரசரப்பு. ஓணானாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிடுவோம். இரண்டு தத்து தத்தி, ஒரு நிமிடம் அப்படியே நிற்கும். குட்டைவால் மட்டும் மெதுவாக மேலும் கீழும் அசையும். பிறகு ஒரு சருகை அலகால் கவ்வி ஓரமாக வீசிவிட்டு, அடியில் தெரிகிற புழுவையோ வண்டையோ எடுக்கும். மறுபடி இரண்டு தத்து. பகல் முழுவதும் இதுதான் வேலை. இரவானால் மட்டும் மரத்தில் ஏறித் தூங்கும்.

இப்போது நிறங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். மேலிருந்து வல்லூறு பார்க்கும் கோணத்தில் தெரிவது பச்சை முதுகும் மங்கிய பழுப்புத் தலையும்தான். இலை நிழலோடு கலந்துவிடும். சிவப்பு முழுக்க வயிற்றடியிலும் வாலடியிலும். மடக்கிய இறக்கைக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது, பறந்தால்தான் வெளியே வரும். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் பெரும்பகுதியைத் தரைப்பக்கமும் மடிப்புக்குள்ளும் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மட்டும் காட்டுகிற ஏற்பாடு. பிட்டாக் குடும்பத்தில் பல இனங்களுக்கு இது பொது. நிமிர்ந்து நின்றால் எதிரே நிற்கும் இன்னொரு பிட்டாவுக்கு வயிறு தெரியும். குனிந்து நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது.

நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பறவை இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகை ஆக்கியிருக்கும் கெரட்டின் பொருளுக்குள் காற்று இடைவெளிகள் மிக நுண்ணிய அளவில் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. அவை நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதால் நமக்கு நீலம் தெரிகிறது. அந்த இறகை நசுக்கினால் நீலம் போய்விடும். படத்தில் பளபளப்பாகத் தெரிகிற பறவை மங்கிய வெளிச்சத்தில் கறுத்துத் தெரியும். ஆறுமணிக்குருவி வாழ்வதோ புதர் நிழலின் அந்த மங்கிய வெளிச்சத்தில்.

ஆறு மணிக்கு என்ன நடக்கிறது?

விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை: 'வ்வீட்... ட்யூ'. முதல் பாதி ஏறும், இரண்டாம் பாதி இறங்கும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகை வானத்துக்குத் தூக்கிக் கூவும். ஒன்று தொடங்கினால் சற்றுத் தள்ளி இன்னொன்று பதில் சொல்லும், அதற்கப்புறம் மூன்றாவது. சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். கடிகாரம் இல்லாத வீட்டிலும் நேரம் தெரிந்துவிடும் என்பதால் அந்தப் பெயர்.

அந்த நேரம் ஏன்? காற்று அடங்கியிருக்கிறது, பகலின் சத்தம் இல்லை, குரல் தொலைவுக்குப் போகும். சருகுக்கடியில் புழு தேடும் அளவுக்கு வெளிச்சமும் இல்லை. அந்த இடைவேளையைக் கூவுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். இங்கே அது கூடு கட்டுவதில்லை என்றாலும் தன் சருகுத் துண்டுக்கு எல்லை போட்டுக்கொண்டுதான் வாழ்கிறது. "இந்த இடம் எனக்கு" என்பதே அந்தச் சீழ்க்கையின் பொருள்.

சரி, அப்படியானால் இது பாடும் பறவையா? செய்திகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். வகைப்பாட்டின்படி கேட்டால் விடை கொஞ்சம் வேடிக்கையானது.

1. உலகில் உள்ள சுமார் 11,000 பறவை இனங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. குருவி, காக்கை, மைனா, தையல்சிட்டு எல்லாம் அதில்தான். கிளையைப் பிடித்து உட்கார்வதற்கு ஏற்ற பாதம் கொண்டவை. ஆறுமணிக்குருவியும் இந்த வரிசைதான்.
2. இந்த வரிசைக்குள் இரண்டு பெரிய பிரிவுகள். பறவையியலில் 'பாடும் பறவைகள்' என்று சொல்லப்படுவது ஆஸ்சைன் என்ற பிரிவு. மூச்சுக்குழாயின் அடியில் உள்ள சிரிங்ஸ் என்ற குரலுறுப்பை இயக்க இவற்றுக்குப் பல ஜோடித் தசைகள் உண்டு. அதோடு, பாட்டை இவை பெரியவற்றிடம் கேட்டுத்தான் கற்கின்றன.
3. இன்னொரு பிரிவு சப்-ஆஸ்சைன். குரலுறுப்பு எளிமையானது. பாட்டு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, கற்க வேண்டியதில்லை. இதில் பெரும்பாலான இனங்கள் தென், மத்திய அமெரிக்காவில் வாழ்கின்றன. பழைய உலகம் எனப்படும் ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்தில் மிஞ்சியிருப்பது சிறு கூட்டம்தான். அதில் முக்கியமானவை பிட்டாக்கள்.

ஆக, வகைப்பாட்டின்படி காக்கை பாடும் பறவை, ஆறுமணிக்குருவி இல்லை! லின்னேயஸ் இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைத்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

கற்பதா பிறவியா என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற கேள்வி வரும். அமெரிக்காவில் ஃபீபி என்று ஒரு சின்ன ஈப்பிடிப்பான் உண்டு, அதுவும் சப்-ஆஸ்சைன். குஞ்சிலேயே காது கேட்காதபடி செய்து வளர்த்தும் அது தன் இனத்தின் பாட்டை இயல்பாகப் பாடியது என்று டொனால்ட் குரூட்ஸ்மாவும் மசகசு கொனிஷியும் 1991-இல் வெளியிட்டார்கள். இதையே ஆஸ்சைன் பறவையிடம் செய்தால் வருவது வெறும் உளறல்தான். இதற்கும் விலக்குகள் உண்டு. மத்திய அமெரிக்காவின் மணிப்பறவை ஒன்று சப்-ஆஸ்சைனாக இருந்தும் பாட்டைக் கற்கிறது. ஆனால் பொதுவிதி இதுதான். எங்கே கேட்டாலும் ஆறுமணிக்குருவியின் அழைப்பு நமக்கு ஒரே அச்சில் வார்த்தது போல ஒலிப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வருடம் முழுக்க ஈரச் சருகைத் தேடி

இனப்பெருக்கம் வடக்கே. பாகிஸ்தானின் மார்கல்லா குன்றுகளிலிருந்து நேபாளம் வரை இமயமலை அடிவாரக் காடுகள், மத்திய இந்தியாவின் குன்றுக் காடுகள், தெற்கே மேற்குத்தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரை. தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். காய்ந்த இலையும் புல்லும் சேர்த்து, பக்கவாட்டில் வட்ட வாசல் வைத்த உருண்டைக் கூடு. தரையிலோ தாழ்ந்த கிளையிலோ இருக்கும். நான்கைந்து முட்டைகள், பளபளக்கும் வெள்ளையில் கருஞ்சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகளும் கோடுகளும்.

மழை ஓய்ந்ததும் அந்தக் காடுகளின் தரை காயத் தொடங்கும். அப்புறம் குளிர். சருகுக்கடியில் புழு பூச்சி குறையும். அப்போது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் என்ன காலம்? செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை ஆறுமணிக்குருவிகள் வந்து சேரும்போது இங்கே வடகிழக்குப் பருவமழை. காலண்டரை வைத்துப் பார்த்தால் அந்தப் பறவை ஒரு மழையிலிருந்து இன்னொரு மழைக்குக் குடிபெயர்கிறது. ஈரச் சருகு எங்கேயோ அங்கே. ஏப்ரல், மே மாதங்களில், இங்கே தரை இறுகியதும், திரும்பிவிடும்.

டேராடூன் பக்கத்துக் காட்டிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 1,900 கி.மீ. கொழும்பு என்றால் 2,600 கி.மீ. தரையில் தத்தித்தத்தி வாழ்கிற, 70 கிராம்கூடத் தேறாத ஒரு பறவைக்கு இது சாதாரண வேலை இல்லை. வந்து சேர்ந்தபின் பெரிய காடுதான் வேண்டும் என்று அடம் பிடிப்பதில்லை. கிண்டி தேசியப் பூங்கா, அடையாற்றின் பிரம்மஞான சபைத் தோட்டம், கோடிக்கரைக் காடு, இலங்கையில் நுவரெலியா விக்டோரியா பூங்கா எல்லாம் இதற்கு ஏற்ற இடங்கள். பின்புறம் பெருக்காமல் விட்ட ஒரு பழைய வீட்டுத் தோட்டம் இருந்தாலும் சரி. சுத்தம் என்று சொல்லிச் சருகைக் கூட்டி எரிக்கிற தோட்டத்தில் மட்டும் இதற்கு வேலை இல்லை.

பிறகு ஏன் விழுகிறது?

இந்தப் பயணம் இரவில் நடக்கிறது. சிறு வலசைப் பறவைகள் பலவும் அப்படித்தான்: காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும், வல்லூறு தொல்லை இல்லை, பகல் இரைதேட மிஞ்சும். நம் தலைக்கு மேலே இருட்டில் போவதால் போவதே தெரியாது. சிக்கல் நேரும்போதுதான் தரையில் பார்க்கிறோம். பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்:

1. களைப்பு. வலசைப் பறவைகள் கிளம்புவதற்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும்; அதுதான் வழி எரிபொருள். எதிர்காற்றும் மழையும் பயணத்தை நீட்டினால் கொழுப்பு தீர்ந்து, நெஞ்சுத் தசையே எரிய ஆரம்பிக்கும். அந்த நிலையில் கீழே எது தெரிகிறதோ அங்கே இறங்க வேண்டியதுதான்.

2. மழை. எந்த மழைக்காக இங்கே வருகிறதோ அதே மழைதான் வழியிலும் மறிக்கிறது. தாழ்ந்த மேகமும் கனமழையும் வந்தால் பறவைகள் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும். ஊர் விளக்குகளின் எல்லைக்குள் வந்துவிடும்.

3. விளக்கு. நட்சத்திரங்களையும் புவியின் காந்தப்புலத்தையும் வைத்துத் திசை பார்க்கிற பறவைக்கு நகரத்து வெளிச்சம் பெரிய குழப்பம். விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்து ஓய்ந்துபோய் இறங்கும். சன்னலில் விளக்கெரிந்தால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

4. கண்ணாடி. கட்டடக் கண்ணாடியில் மரத்தின் பிம்பம் தெரிந்தால் பறவைக்கு அது மரம்தான். அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் இறப்பதாக 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நம் நகரங்களிலும் கண்ணாடிச் சுவர் பெருகிக்கொண்டுதான் இருக்கிறது.

விழுந்தபின் இன்னொரு கஷ்டம். தரையில் திகைத்து நிற்கிற, பழக்கமில்லாத நிறத்தில் ஒரு பறவையைக் காக்கைகள் சும்மா விடாது. கூட்டமாகக் கூடிக் கொத்தும். பூனையும் நாயும் வேறு. காட்டில் அதைக் காப்பாற்றுகிற பச்சை முதுகு சிமெண்டுத் தரையில் ஒன்றுக்கும் உதவாது. செய்தியில் நாம் பார்க்கும் படம் பெரும்பாலும் அந்த நேரத்தில் எடுத்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். இது நல்ல சகுனமோ கெட்ட சகுனமோ இல்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்று பதறவும் வேண்டாம். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது தீவாய்ப்புக் குறைந்த, அதாவது அழியும் அபாயம் குறைந்த இனம்தான்.

கண்டால் என்ன செய்வது?

1. கூட்டத்தை விலக்கி, மெல்லிய துணியைப் போர்த்தி எடுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி போதும், அடியில் பழைய துண்டு ஒன்று. கம்பிக் கூண்டு வேண்டாம். உள்ளே அடித்துக்கொண்டு இறகு உடையும்.

2. மூடி, இருட்டாக, சத்தமில்லாத அறையில் வையுங்கள். இருட்டு அதற்கு மருந்து மாதிரி. பாவமாக இருக்கிறதே என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை திறந்து பார்ப்பதுதான் பல நேரம் அதைக் கொல்கிறது.

3. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு, பால், ரொட்டி எதுவும் வேண்டாம். புழு பூச்சி தின்னும் பறவை அது. அதிர்ச்சி தெளிந்து வெளியே போனால் தானே தேடிக்கொள்ளும்.

4. இறக்கை ஒரு பக்கம் தொங்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ, சில மணி நேரத்துக்கப்புறமும் நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். அழகாக இருக்கிறது என்று வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

5. தெளிந்துவிட்டால் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்கும். காக்கைகள் அடையப் போன பிறகு, வெளிச்சம் முழுதாகப் போவதற்குள், அருகில் புதரும் சருகும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். கையால் எடுத்து மேலே வீச வேண்டாம். பெட்டியைத் தரையில் பக்கவாட்டில் சாய்த்துத் திறந்து வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நில்லுங்கள். முதலில் அசையாது. வால் மட்டும் மேலும் கீழும் ஆடும். அப்புறம் இரண்டு தத்து, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு தத்து. புதருக்குள் நுழைந்ததும் நீலமும் சிவப்பும் எங்கே போயின என்று தெரியாது. அங்கேயே தங்கிவிட்டதா, இன்னும் தெற்கே போய்விட்டதா என்பதை மறுநாள் காலை ஆறு மணிக்குக் காதால்தான் தெரிந்துகொள்ள முடியும்.